ரிவர்ட் செய்ததும் பழைய மெயில் ஏன் மறுபடி போனது?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதித் தரும் சிறிய நிறுவனத்தில் டெஸ்டிங் பார்க்கிறேன். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் உபுண்டு விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்று வைத்திருக்கிறோம். 200 ஜிபி டிஸ்க், 16 ஜிபி ரேம். டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ், எங்கள் வெப் அப்ளிகேஷன், மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ் மூன்றும் அதில்தான். ஒவ்வொரு புது வெர்ஷன் போடும் முன்னும் ஒரு ஸ்நாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையின் பதிவு) எடுப்பேன். இப்போது 11 சேர்ந்துவிட்டன, அழிக்கப் பயமாக இருக்கிறது. போன வாரம் பழைய ஒன்றுக்கு ரிவர்ட் செய்தேன், அதாவது விஎம்மை அந்த நிலைக்கே திருப்பினேன். வாடிக்கையாளர் ஒருவருக்கு எப்போதோ போன பில் மெயில் மறுபடி போய்விட்டது. ரிப்போர்ட்டுக்காக வேறு விஎம்மில் வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகாவும் (நகல் டேட்டாபேஸ்) நின்றுவிட்டது. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டலின் சோதனைத் தளமான சாண்ட்பாக்ஸில் விதவிதமாக எரர் வருகிறது. இரண்டு நாள் கழித்து விஎம் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோர் நிரம்பி விஎம்மே உறைந்து நின்றது. "ஸ்நாப்ஷாட்டே வேண்டாம், தினமும் ஃபுல் கிளோன் (விஎம்மின் முழு நகல்) எடு" என்கிறார் மேலாளர். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். உங்கள் மேலாளர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, தீர்வில் இல்லை. தினமும் 200 ஜிபி கிளோன் எடுத்தால் டேட்டாஸ்டோர் இன்னும் சீக்கிரம் நிரம்பும். அந்தக் கிளோனை பழைய நிலையில் ஆன் செய்தாலும் அதே மெயில் அதே வாடிக்கையாளருக்குப் போகும். சர்வர் மென்பொருளைச் சோதிக்க ஸ்நாப்ஷாட்டைவிட வசதியான கருவி கிடையாது. எப்போது எடுப்பது, எவ்வளவு நாள் வைப்பது, ரிவர்ட் செய்யும் முன் வெளியே எதைக் கவனிப்பது என்பதில்தான் கோளாறு.

முதலில் அந்தப் பயம். டிலீட் கொடுத்தால் அதற்குப் பிறகு செய்த வேலை எல்லாம் போய்விடும் என்றுதான் பலரும் ஸ்நாப்ஷாட்டைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அப்படி எதுவும் போகாது. ஸ்நாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து விஎம்வேர் பழைய டிஸ்க் கோப்பில் எழுதுவதை நிறுத்திவிட்டு, புதிதாக எழுதுவதை எல்லாம் பக்கத்தில் ஒரு டெல்டா கோப்பில் சேர்க்கிறது. டிலீட் செய்தால் அந்த டெல்டாவில் சேர்ந்தது கீழே உள்ள டிஸ்க்கோடு கலந்துவிடும். எந்திரம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும், திரும்பிப் போகும் வழி ஒன்று அடைபடும், அவ்வளவுதான். வேலையைத் தூக்கி எறிவது ரிவர்ட். அதைத்தான் நீங்கள் பயமில்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள்!

ஒரு விதிவிலக்கு உண்டு. நடுவில் ஒரு ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து வேலையைத் தொடர்ந்து, புதிதாக இன்னொன்று எடுத்திருந்தால் ஸ்நாப்ஷாட் மரத்தில் கிளை பிரிந்திருக்கும். நீங்கள் இப்போது நிற்கும் பாதையில் இல்லாத கிளையின் நுனியை அழித்தால், அந்த நிலை உண்மையாகவே போய்விடும். அதனால் எதையும் அழிக்கும் முன் ஸ்நாப்ஷாட் மேனேஜரில் மரத்தை ஒரு முறை பொறுமையாகப் பாருங்கள்.

சரி, இப்போது மெயில் விஷயம். உங்கள் கடிதத்தில் முக்கியமானது இதுதான்.

ரிவர்ட் செய்தால் விஎம்மின் டிஸ்க்கும், சேர்த்து எடுத்திருந்தால் மெமரியும், பழைய நிலைக்கு வரும். விஎம்முக்கு வெளியே நடந்த எதுவும் திரும்பாது. அந்த ஸ்நாப்ஷாட் எடுத்த நேரத்தில் உங்கள் அப்ளிகேஷனின் அனுப்ப வேண்டிய மெயில் டேபிளில் ஒரு பில் காத்திருந்திருக்கும், அல்லது எதிர் சர்வர் ‘பிறகு வா’ என்று சொன்னதால் போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் நின்றிருக்கும். ஸ்நாப்ஷாட் எடுத்த சில நிமிடத்தில் அது போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் ரிவர்ட் செய்ததும் டேபிளில் அது மறுபடி "அனுப்பவில்லை" என்று ஆகிவிட்டது. எந்திரத்தைப் பொறுத்தவரை அது இன்னும் போகாத மெயில், அதனால் அனுப்பியது. மென்பொருள் மேல் தப்பு சொல்ல முடியாது. இன்னும் பத்து முறை ரிவர்ட் செய்தால் இன்னும் பத்து மெயில் போகும். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், பேமென்ட் கேட்வே எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இதற்கு மூன்று அடுக்கில் தடுப்புப் போடுங்கள். டெஸ்ட் டேட்டாபேஸில் நிஜ வாடிக்கையாளரின் மெயில் முகவரியும் போன் எண்ணும் இருக்கவே கூடாது. புரொடக்‌ஷனிலிருந்து டேட்டா எடுத்து வந்தால், ஏற்றிய உடனே அவற்றை மாற்றிவிடும் ஒரு எஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். ஸ்நாப்ஷாட் விவகாரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். அடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே அனுப்பாமல் மெயில்பிட் மாதிரியான ஒரு பொறி சர்வருக்கு மட்டும் அனுப்பும்படி செய்யுங்கள். எல்லா மெயிலும் அங்கே வந்து விழும், பிரவுசரில் திறந்து பார்க்கலாம். மூன்றாவது அதிகம் பேர் செய்யாதது: அடிப்படை ஸ்நாப்ஷாட் எடுக்கும் முன் விஎம்மின் நெட்வொர்க் கார்டு அமைப்பில் ‘கனெக்ட் அட் பவர் ஆன்’ டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்நாப்ஷாட்டில் விஎம்மின் அமைப்புகளும் சேர்ந்தே பதிவாகும் என்பதால், ஒவ்வொரு ரிவர்ட்டுக்குப் பிறகும் எந்திரம் நெட்வொர்க் இல்லாமல்தான் எழும். கன்சோலில் லாகின் செய்து, மெயில் வரிசை காலியா, கடிகாரம் சரியா என்று பார்த்துவிட்டு நீங்களே கையால் இணைப்பைக் கொடுக்கலாம். நெட்வொர்க்கை இணைக்கும் கடைசி சொடுக்கு உங்கள் கையில் இருக்கும்.

இ-இன்வாய்ஸ் எரர் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் ‘டூப்ளிகேட் ஐஆர்என்’ என்று வந்தால் அது உங்கள் ரிவர்ட் செய்த வேலை. ஐஆர்என் என்பது ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் உள்ள அடையாள எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றிலிருந்து கணக்கிடும் 64 எழுத்து ஹாஷ். நேற்று 1043 வரை பில் போட்டுச் சாண்ட்பாக்ஸுக்கு அனுப்பினீர்கள். இன்று ரிவர்ட் செய்ததும் உங்கள் டேட்டாபேஸில் வரிசை எண் 1010க்குப் போய்விட்டது. அடுத்த பில் 1011. அந்த எண்ணை போர்ட்டல் நேற்றே பதிவு செய்துவிட்டது, ஏற்காது. இது தெரியாமல் டெவலப்பர் மேல் பக் போட்டால், அவரும் நாள் முழுக்கத் தேடுவார், கிடைக்காது. ஒவ்வொரு ரிவர்ட்டுக்குப் பிறகும் பில் எண்ணின் முன்னொட்டை மாற்றிவிடுங்கள்: டி31, டி32 என்று ஓட்டத்துக்கு ஒன்று. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் முன்னொட்டு குட்டியாக இருக்கட்டும்.

அப்புறம் ரெப்ளிகா. கடைக் கணக்கு நோட்டில் கடைசிப் பத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அதைப் பார்த்து எழுதிய பார்ட்னரின் நோட்டை அப்படியே விட்டதுபோல் ஆகிவிட்டது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு மாற்றமும் வால் (WAL) லாக் என்ற மாற்றப் பதிவேட்டில் ஒரு இட எண்ணோடு பதிவாகும். ரெப்ளிகா தன்னிடம் கடைசியாக இருக்கும் எண்ணைச் சொல்லி, அடுத்ததைக் கொடு என்று கேட்கிறது. ரிவர்ட் செய்த பிரைமரி (மூல டேட்டாபேஸ்) அந்த எண்ணையே இன்னும் எட்டவில்லை. நீ கேட்கும் இடம் என் லாகைவிட முன்னால் இருக்கிறது என்று மறுத்துவிடுகிறது. லாகைத் திறந்தால் இந்த வரி கண்ணில் படும்.

அது நின்றுபோனதே நல்லது என்பேன். ஏனென்றால் பிரைமரியில் தொடர்ந்து வேலை செய்தால் கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணைத் தாண்டிவிடும். அப்போது ரெப்ளிகா மறுபடி இணைந்துகொள்ள வாய்ப்பு உண்டு. டைம்லைன் எண் (வரலாற்றின் எந்தக் கிளை என்று காட்டும் எண்) இரண்டிலும் ஒன்றே என்பதால், வரலாறு பிரிந்துவிட்டதைக் கண்டுபிடிக்க அதற்கு வழி இல்லை. பழைய கதையின் மேல் புதுக் கதையை ஒட்டிக்கொண்டு ஓடும், ரிப்போர்ட்டில் கூட்டல் தப்பும். பிரிந்துபோன நகலை மறுபடி ஒத்துப்போக வைக்கும் பிஜி-ரீவைண்டும் இங்கே உதவாது. இரண்டும் ஒரே டைம்லைன், ரீவைண்ட் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறிவிடும். ஆகவே ரெப்ளிகாவை, பிரைமரியை முழுதாக நகலெடுக்கும் பிஜி-பேஸ்பேக்கப் மூலம் புதிதாகக் கட்டுங்கள். இனிமேல் இரண்டு விஎம்மையும் ஒன்றாக ஷட்டவுன் செய்து ஒன்றாக ஸ்நாப்ஷாட் எடுங்கள், ஒன்றாகவே ரிவர்ட் செய்யுங்கள். ஒன்றோடு ஒன்று பேசி நினைவு வைத்துக்கொள்ளும் எந்த எந்திரங்களுக்கும் இதே விதி. பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களில் பிரைமரியை ரிவர்ட் செய்தால், பதிவுகளின் வெர்ஷனைக் காட்டும் ஸோன் சீரியல் எண் அதில் குறைந்துவிடும். செகண்டரியிடம் பெரிய எண் இருப்பதால், நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பதிவை அது எடுத்துக்கொள்ளாது.

உங்களிடம் விண்டோஸ் டொமைன் இல்லை போலிருக்கிறது, படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. நெட்வொர்க்கில் எல்லோரின் லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரை ரிவர்ட் செய்வதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் ரிவர்ட் நடந்ததை அதுவே கண்டுகொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் அது விபத்துக்கான பாதுகாப்பு. டொமைனில் சேர்ந்த சாதாரண சர்வர் 30 நாளுக்கு ஒரு முறை தன் கணக்கின் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளும், அதனால் அதைவிடப் பழைய ஸ்நாப்ஷாட்டுக்குப் போனால் டொமைன் அதை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடலாம். எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரை விஎம் ஸ்நாப்ஷாட் எடுப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதே இல்லை.

மெமரியோடு எடுப்பதா, இல்லாமலா? உங்கள் வேலைக்குப் பெரும்பாலும் இல்லாமல்தான், அதுவும் விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்த பிறகு. போஸ்ட்கிரெஸ் ஒழுங்காக மூடியிருக்கும், பாதியில் நிற்கும் வேலை எதுவும் இருக்காது, 16 ஜிபி மெமரியை டிஸ்க்கில் எழுதி இடம் அடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது மெமரி இல்லாமல் எடுத்தாலும் போஸ்ட்கிரெஸ் பிழைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்ததாக நினைத்து, வால் லாகைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு கிராஷ் ரெகவரியோடு தொடங்குவது எதற்கு?

மெமரியோடு எடுக்க ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம் உண்டு. நூறு முறைக்கு ஒரு முறை வரும் பக் கண் முன்னால் வந்து நிற்கிறது, டெவலப்பர் பக்கத்தில் இல்லை. அப்போது அந்த நிலையை அப்படியே பிடித்து வையுங்கள். பிறகு அதற்குத் திரும்பும்போது எந்திரத்தின் கடிகாரம் ஸ்நாப்ஷாட் எடுத்த நேரத்தையே காட்டலாம். நேரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருள், அதோடு இயல்பாக வரும் அமைப்பில், தொடங்கிய பிறகு முதல் சில சரிபார்ப்பில்தான் நேரத்தை ஒரே தாவலாக மாற்றும், அதற்குப் பிறகு மெதுவாகத்தான் இழுக்கும். அது ஏற்கெனவே தொடங்கி ஓடுகிற நிலைக்குத்தானே நீங்கள் திரும்புகிறீர்கள்? மேக்ஸ்டெப் கட்டளையைக் கையால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓடிபி, லாகின் டோக்கன் எல்லாம் காலாவதி எரர் தரும், அதையும் பக் என்று எழுதிவைப்பீர்கள்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். டெஸ்ட் தோற்றதும் உடனே ரிவர்ட் செய்யாதீர்கள். அப்ளிகேஷன் லாக், போஸ்ட்கிரெஸ் லாக், தோற்ற நேரத்து டேட்டா எல்லாம் அந்த டெல்டாவில்தான் இருக்கின்றன, ரிவர்ட்டோடு போய்விடும். லாகை ஆர்சிஸ்லாக் வழியாக வேறொரு எந்திரத்துக்கு உடனுக்குடன் அனுப்பி வையுங்கள். தேவைப்பட்டால் பிஜி-டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) ஒன்று எடுத்து வெளியே வையுங்கள். பிறகு ரிவர்ட்.

டேட்டாஸ்டோர் நிரம்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டெல்டா கோப்பு ஒவ்வொன்றும் மூல டிஸ்க்கின் அளவு வரை வளரலாம். விஎம்முக்குள் கோப்பை அழித்தாலும் டெல்டா தானாகச் சுருங்குவதில்லை. புது வெர்ஷனுக்காக டேட்டாபேஸை மாற்றும் ஒரு மைக்ரேஷன் 40 ஜிபி டேபிளை முழுக்கத் திரும்ப எழுதினால், அந்தப் புதுப் பிரதி அவ்வளவும் டெல்டாவில்தான் வந்து விழும். விஎம்வேர் ஒரு சங்கிலியில் 32 ஸ்நாப்ஷாட் வரை அனுமதிக்கிறது. ஆனால் வேகம் வேண்டுமென்றால் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்றும் அதுவே சொல்கிறது. டெஸ்ட் எந்திரத்தின் அடிப்படை ஸ்நாப்ஷாட்டுக்கு அந்த 72 மணி நேரத்தை நான் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அடிக்கடி ரிவர்ட் செய்வதால் டெல்டா ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. எண்ணிக்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். லோடு டெஸ்ட் செய்யும் விஎம்மில் மட்டும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 11 அடுக்குச் சங்கிலியில் தேடிப் படித்து எடுத்த வேகத்தை வைத்து மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று எழுதினால் அது நியாயமில்லை.

ஆக உங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. முதலாவது, உபுண்டு அப்டேட் முடிந்து, போஸ்ட்கிரெஸ் நிறுவி, உங்கள் மென்பொருள் இன்னும் ஏறாத நிலை. புதிதாக நிறுவும் சோதனை இங்கிருந்து தொடங்கும். இரண்டாவது, வாடிக்கையாளர்கள் இன்று பயன்படுத்தும் வெர்ஷன், முகவரி மாற்றிய நிஜ அளவு டேட்டாவோடு. அப்கிரேடு சோதனை இங்கிருந்து. புது ரிலீஸ் வெளியானதும் இரண்டாவதை அழித்துப் புதிதாகக் கட்டுங்கள். பெயரில் தேதி, வெர்ஷன், எதற்காக, எப்போது அழிக்கலாம் என்பது நான்கும் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘டெஸ்ட் 2’ என்று பெயர் வைத்தால் மூன்று மாதத்தில் வைத்தவருக்கே விளங்காது.

அந்த முதல் நிலைக்கு எப்படி வந்தீர்கள் என்பது எந்திரத்தைத் தானாக அமைக்கும் ஒரு ஆன்சிபிள் ஸ்கிரிப்ட்டில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஓட நாற்பது நிமிடம் ஆகும், ரிவர்ட் செய்ய ஒரு நிமிடம், அதற்காக மட்டுமே ஸ்நாப்ஷாட். மாதம் ஒரு முறை ஸ்கிரிப்ட்டிலிருந்தே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு முன் கையால் மாற்றிவிட்டு மறந்துபோன ஏதோ ஒரு அமைப்பால்தான் உங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அது அன்றைக்கு வெளியே வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர்கள் யார் என்று எழுதியிருக்கிறீர்கள். பனியன் கம்பெனி ஆபீஸில் உங்கள் மென்பொருள் பெரும்பாலும் மேஜைக்கு அடியில் இருக்கும் ஒரு டவர் கம்ப்யூட்டரில் ஓடும். அங்கே ஸ்நாப்ஷாட் கிடையாது. அப்கிரேடு பாதியில் தோற்றால் அவர்கள் எப்படிப் பழைய வெர்ஷனுக்கு வருவார்கள்? நீங்கள் ஒவ்வொரு முறையும் ரிவர்ட் செய்து பழகியதால், உங்கள் டவுன்கிரேடு ஸ்கிரிப்ட்டை இதுவரை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ரிலீஸுக்கு ஒரு முறையாவது அப்கிரேடை வேண்டுமென்றே பாதியில் நிறுத்துங்கள், மைக்ரேஷன் ஓடும்போதே விஎம்மை பவர் ஆஃப் செய்யுங்கள். பிறகு ரிவர்ட்டைத் தொடாமல், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பேக்கப் கோப்பையும் கையேட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு திரும்பி வந்து காட்டுங்கள்.

மேலாளருக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டுமே. பேக்கப் வேண்டும் என்பதில் அவர் சொல்வது சரி. ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது, மூல டிஸ்க் கெட்டால் அதன் மேல் இருக்கும் அத்தனை டெல்டாவும் வீண். தினமும் பிஜி-டம்ப்பை வேறொரு எந்திரத்துக்கு எடுத்து வையுங்கள். ஃபுல் கிளோன் ரிலீஸுக்கு ஒன்று போதும், அதுவும் வேறு டிஸ்க்கில்.

கடைசியாக, இருக்கும் 11ஐ அழிக்கும் முறை. சனிக்கிழமை மாலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிஜி-டம்ப் வெளியே போகட்டும். டேட்டாஸ்டோரில் கிடக்கும் ஐஎஸ்ஓ (நிறுவல் டிஸ்க்) கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிக் கொஞ்சம் இடம் பண்ணுங்கள். மரத்தைப் பார்த்து, கிளைகளில் வேண்டியது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு விஎம்மை ஷட்டவுன் செய்யுங்கள். நிறுத்திய நிலையில் டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதப்படாது என்பதால் கலப்பது சீக்கிரம் முடியும். ஒவ்வொன்றாக அழிப்பதானால் மூல டிஸ்க்குக்கு அருகில் இருக்கும் பழையதிலிருந்து தொடங்குங்கள், அது மூல டிஸ்க்கிலேயே கலக்கும். நடுவில் இருப்பதில் தொடங்கினால் அதற்குக் கீழே உள்ள டெல்டா பெருத்துவிடும், உங்களிடம் அதற்கு இடம் இல்லை. எல்லாமே வேண்டாம் என்றால் ‘டிலீட் ஆல்’ போதும். டேட்டாஸ்டோர் பிரவுசரில் போய் டெல்டா கோப்பை மட்டும் கையால் அழிக்காதீர்கள், சங்கிலி அறுந்தால் விஎம் எழுந்திருக்காது. திரையில் முன்னேற்றம் 99 சதவீதத்தில் வந்து மணிக்கணக்கில் நிற்கலாம். தொங்கிவிட்டது என்று நினைத்து ஹோஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்யாமல், டேட்டாஸ்டோரில் டிஸ்க் கோப்பின் நேரம் மாறிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.